ஐம்பத்துநான்கு உயிர்கள்

போலந்துக்காரரின் கடைகளில் 'ஷுப்ரூவ்கா' என்றொரு வொட்கா விற்கிறது. போத்தலுக்குள் நீளமாக ஒரு புல் கிடக்கும். வெளியே ஒட்டியிருக்கும் படத்தில் தாடியும் திமிலுமாக ஒரு மாடு நிற்கும். எம்மவர்களிற் பலர் அந்தப் போத்தலைக் கண்டிருப்பார்கள். சிலர் காண்பதோடு நின்றிருக்க மாட்டார்கள். அது போகட்டும். இது அந்த மாட்டின் கதை.

போலந்து மொழியில் அதற்கு ஷூபர் என்று பெயர். ஜேர்மன் மொழியில் விசென்ட். எங்கள் காடுகளில் இல்லாத விலங்கு ஆகையால் தமிழில் அதற்கெனப் பெயர் கிடையாது. ஐரோப்பியக் காட்டெருது என்று வைத்துக்கொள்வோம். இது எருமையல்ல. வன்னிக் காட்டின் குழுமாட்டைப் போன்றதும் அல்ல. அமெரிக்கச் சமவெளிகளில் இலட்சக்கணக்கில் கொன்றொழிக்கப்பட்ட பைசனுக்கு மிக நெருங்கிய உறவு. இன்று ஐரோப்பாவில் தரையில் நடமாடும் விலங்குகளில் இதுவே பெரியது. நன்கு வளர்ந்த காளை 800 கிலோவுக்கு மேல் நிற்கும்.

1927ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்த விலங்கு உலகத்தின் எந்தக் காட்டிலும் இருக்கவில்லை. இன்று போலந்திலும் பெலாரூசிலும் ரஷ்யாவிலும் ருமேனியாவிலும் காடுகளில் திரிகிற காட்டெருதுகள், சொந்தக் காட்டுக்கு வெளியே, வேலிகளுக்குள்ளும் மிருகக்காட்சிச்சாலைகளிலும் உயிர்பிழைத்த ஒரு சிலவற்றின் சந்ததி. தாய்நிலத்தில் இருந்தவை எல்லாம் அழிந்தன. வெளியே கிடந்தவை வம்சத்தைக் காப்பாற்றின. இந்த வாக்கியத்தைப் படித்தவுடன் எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஒப்பீட்டை அதிக தூரம் இழுக்க நான் விரும்பவில்லை. விலங்குகளின் கதைக்கு அதற்குரிய மரியாதை உண்டு.

இந்த விலங்கைப் பற்றிய முதற் பெரிய இலக்கியமே வெளிநாட்டில் இருந்துதான் எழுதப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் பாப்பரசர் பத்தாம் லியோவுக்கு வடநாட்டுக் காட்டெருதின் மீது ஆசை வந்தது. பாடம் செய்த உடலொன்றை அவருக்குக் காட்டவேண்டும், அதோடு ஒரு கவிதையும் இருக்கவேண்டும் என்று போலந்துத் தூதுக்குழுவினர் எண்ணினார்கள். அந்தக் குழுவோடு ரோமுக்கு வந்திருந்த நிக்கொலாவுஸ் ஹுசோவியானுஸ் என்பவர், சிறு வயதிலிருந்து தான் அறிந்த காட்டையும் வேட்டையையும் நினைவிலிருந்தே இலத்தீனில் ஆயிரம் வரிகளுக்கு மேல் எழுதினார். 1521இல் பாப்பரசர் இறந்துபோனார். கவிதைதான் மிஞ்சியது. 1523இல் கிராக்கோவில் அச்சாகி அரசி போனாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுகள் கழித்து ஆதம் மித்ஸ்கியேவிச், நாடிழந்தவராகப் பாரிஸில் இருந்துகொண்டு 'பான் ததேயுஷ்' காவியத்தை 1834இல் வெளியிட்டபோது, மனிதர் கால்படாத காட்டின் நடுப்பகுதியை விலங்குகளின் இராச்சியமாக எழுதினார். அங்கேயும் காட்டெருது உண்டு.

ஒருகாலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இந்த விலங்கு இருந்தது. காடுகள் வெட்டப்பட்டு வயல்களாக, அதன் எல்லை கிழக்கே கிழக்கே சுருங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டு கழியும்போது இரண்டு இடங்களில்தான் கணிசமாக மிஞ்சியிருந்தது. ஒன்று கோக்கசஸ் மலைகள். மற்றது இன்றைய போலந்துக்கும் பெலாரூசுக்கும் இடையே கிடக்கும் பியாவோவியெஜா காடு. ஏறக்குறைய 1,500 சதுர கிலோமீற்றர். ஓக், ஹோர்ன்பீம், ஸ்புரூஸ் மரங்கள் விழுந்து, விழுந்த இடத்திலேயே உக்கி, அதன்மேல் அடுத்த மரம் முளைக்கிற பழங்காடு.

அந்தக் காடு ஏன் தப்பியது? அது அரசர்களின் வேட்டைக்காடு. வேறு காரணம் இல்லை. ஊருக்குள் இன்றும் ஒரு கல்தூண் நிற்கிறது. 1752 செப்ரெம்பரில் மூன்றாம் ஒகுஸ்து மன்னர் அரசியோடு வந்து வேட்டையாடியதன் நினைவுக்கல். ஒரே நாளில் விழுந்த காட்டெருதுகள் 42 என்று போலந்து மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் கணக்கு வெட்டியிருக்கிறார்கள். வேலியடைத்த பாதையால் விலங்குகள் துரத்திவரப்பட, அரச குடும்பம் மேடையில் இருந்து சுட்டது.

1795இல் போலந்து மூன்றாம் தடவையாகவும் முழுதாகவும் பங்குபோடப்பட்டபோது காடு ரஷ்யப் பேரரசுக்குப் போனது. சார் மன்னர்கள் காட்டெருதைக் கொல்வதைத் தடைசெய்தார்கள். 1857இல் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 1,900 காட்டெருதுகள் இருந்தன. 1888இல் காடு சார் மன்னரின் சொந்தச் சொத்தாகவே ஆக்கப்பட்டு, அதன் நடுவே ஒரு மாளிகையும் எழுந்தது. மாரிகாலத்தில் காட்டெருதுகளுக்கு வைக்கோல் போடப்பட்டது. அந்தப் புல்லை வெட்டிக் காயவைத்துக் கொடுத்தவர்கள் காட்டோரக் கிராமத்துக் குடியானவர்கள். வேட்டைக்காக மான்களை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கினார்கள். கரடிகளையும் ஓநாய்களையும் ஒழித்தார்கள். மான்கள் இளங்கன்றுகளைத் தின்றுதீர்க்கக் காடு மெலிந்தது. காட்டெருது குறைந்தது. 1914இல் எஞ்சியிருந்தவை எழுநூறுக்குச் சற்று மேல்.

இப்படிப்பட்ட பாதுகாப்பு பற்றி நாம் யோசிக்கவேண்டும். சார் மன்னரின் உத்தரவு இல்லாவிட்டால் இந்த விலங்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரே ஓர் ஆணியில் தொங்கியது. காடும் விலங்கும் மன்னருடையவை. குடியானவனுக்கு அதில் பங்கில்லை, புல்வெட்டும் கடமை மட்டும் உண்டு. ஆணி கழன்ற அன்று எல்லாம் விழும்.

1915 கோடையில் அது கழன்றது. பின்வாங்கிய ரஷ்யப் படை, ஜேர்மனியரைப் பற்றிய பயத்தை ஊட்டியும் அச்சுறுத்தியும் மேற்கு மாநிலங்களின் குடியானவர்களைக் கிளப்பிக்கொண்டு போனது. பல இலட்சம் பேர் வண்டிகளில் மாட்டையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். வழியில் கொலரா வந்தது. பாதையோரம் புதைகுழிகள் வந்தன. பியாவோவியெஜாவைச் சுற்றியிருந்த கிராமங்களும் இதில் அடங்கும். அந்தப் பகுதியார் இன்றும் அந்த இடப்பெயர்வைத் தனியொரு சொல்லால் குறிப்பிடுகிறார்கள்: பியெஜேன்ஸ்த்வோ. ஓடிப்போதல் என்று பொருள். காட்டெருதின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த ஓட்டத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை.

வெறுமையான கிராமங்களுக்குள் ஓகஸ்ட் மாதம் ஜேர்மன் இராணுவம் நுழைந்தது. முதல் வாரங்களிலேயே சிப்பாய்கள் காட்டெருதுகளைச் சுட்டுத் தின்றார்கள். பிறகு காட்டின் நிர்வாகம் கேயோர்க் எஷெரிஹ் என்ற பவேரிய வனத்துறை அதிகாரியிடம் வந்தது. அவர் காட்டெருதைக் கொல்லத் தடைவிதித்தார். எஞ்சியிருந்தது சுமார் 200. அதே கையால் அவர் குறுகிய ரயில்பாதைகளை இட்டார், மர ஆலைகளைக் கட்டினார், யுத்தக் கைதிகளை வேலைக்கு இறக்கிக் காட்டின் பெருமரங்களை வெட்டி ஏற்றினார். வேட்டைக்காரனின் பாசம் விலங்கின்மேல், கணக்காளனின் கண் மரத்தின்மேல். (யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய இதே எஷெரிஹ் பவேரியாவில் வலதுசாரித் துணைப்படை ஒன்றைத் தன் பெயரிலேயே கட்டினார் என்பதையும் ஒரு தகவலாகச் சொல்லிவைக்கிறேன்.)

1918 முடிவில் ஜேர்மன் படை கலைந்தது. அடுத்த அதிகாரம் வந்துசேர மாதங்கள் எடுத்தன. அந்த இடைவெளிதான் முடிவு. கலைந்துபோகும் சிப்பாய்கள், எல்லாக் கைகளிலும் துவக்கு, ரஷ்யாவில் இருந்து நடந்து திரும்பி வந்து எரிந்த வீட்டையும் புல்முளைத்த வயலையும் கண்ட மனிதர்கள், பசி. 800 கிலோ இறைச்சி காட்டுக்குள் நடமாடுகிறது. 1919ஆம் ஆண்டு வசந்தத்தில் பியாவோவியெஜாவின் கடைசிக் காட்டெருதுகள் கொல்லப்பட்டன. அதே ஆண்டு போலந்து அறிவியலாளர்கள் வந்து பார்த்தபோது எலும்பும் தோலும்தான் கண்டார்கள்.

கொன்றவன் யார் என்ற கேள்விக்குப் பல புத்தகங்களில் 'திருட்டு வேட்டைக்காரர்' என்ற ஒரே சொல் பதிலாக இருக்கிறது. அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. நூறு ஆண்டுகள் அந்த விலங்குக்குப் புல் வெட்டியவனின் பேரன் அதைக் கொன்றான் என்றால், அவன் பேராசையைப் பற்றி எழுதுவதற்கு முன் அவன் அடுப்பைப் பற்றி எழுதவேண்டும். அதற்காகக் கொலை நியாயமாகிவிடாது. ஆனால் பட்டினியில் விடப்பட்டவர்களின் நடுவே எந்த விலங்கும் நீண்டநாள் பாதுகாப்பாக இருந்ததில்லை.

கோக்கசஸில் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. உள்நாட்டு யுத்தம் அங்கே காட்டெருதுகளைத் தின்றுதீர்த்தது. சோவியத் அரசு 1924இல் அங்கே ஒரு சரணாலயத்தைப் பிரகடனம் செய்தது. வரைபடத்தில் கோடு விழுந்துவிட்டது, காவலர் போதவில்லை. 1927இல் கடைசிச் சிலவும் சுடப்பட்டன. சரணாலயம் இருந்தது, அதற்குள் காக்கவேண்டியது இல்லை.

இனி வெளியே இருந்தவற்றைப் பார்ப்போம். மன்னர்கள் காட்டெருதை ஒருவருக்கொருவர் பரிசாக அனுப்பிய பழக்கம் இந்த இடத்தில் கைகொடுத்தது. 1865இல் சார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் மேற் சிலேசியாவின் பிளெஸ் பிரபுவுக்கு ஒரு காளையும் மூன்று பசுக்களும் கொடுத்தார். அவை பெருகி எழுபதைத் தாண்டின. 1919க்கும் 1921க்கும் இடையே சிலேசியாவில் நடந்த எழுச்சிகளின்போது அவையும் சுடப்பட்டு மூன்றே எஞ்சின. வேறு சில பேர்லின், பிராங்பேர்ட், ஹம்பேர்க், ஸ்ரொக்ஹோம் போன்ற இடங்களில் கூண்டுகளிலும் தோட்டங்களிலும் கிடந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒன்றுக்கு மற்றது எங்கே என்று தெரியாது. அவற்றை வைத்திருந்தவர்களுக்கும் தெரியாது.

1923இல் பாரிஸில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச மாநாடு ஒன்று கூடியது. அங்கே யான் ஸ்தோல்ட்ஸ்மன் என்ற போலந்து விலங்கியலாளர் எழுந்து பேசினார். இளமையில் தென்னமெரிக்காவில் பறவைகளைத் தேடி அலைந்த மனிதர். அவர் கேட்டது எளிமையான விடயம். எஞ்சியிருக்கும் காட்டெருதுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று முதலில் எண்ணுவோம், பிறகு எல்லா நாட்டவரும் சேர்ந்து அவற்றைப் பெருக்குவோம் என்றார். யுத்தம் முடிந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. பிரெஞ்சுப் படை ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் நின்றது. போலந்தும் ஜேர்மனியும் சிலேசியாவுக்காக அடித்துக்கொண்டு ஓய்ந்திருந்தன. அந்த நேரத்தில் அதே ஆண்டு ஓகஸ்டில் பேர்லினில் காட்டெருது பாதுகாப்புக்கான சர்வதேசச் சங்கம் தொடங்கியது. தலைவர் பிராங்பேர்ட் மிருகக்காட்சிச்சாலையின் இயக்குநர் குர்ட் பிரீமெல்.

எண்ணினார்கள். உலகத்தில் தூய காட்டெருது என்று உறுதிசெய்யக்கூடியவை 54. அவற்றின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடியபோது எல்லாம் வெறும் 12 மூதாதைகளுக்குள் அடங்கின. பதினொன்று பியாவோவியெஜா வழி. பன்னிரண்டாவது, கோக்கசஸில் கன்றாகப் பிடிக்கப்பட்டு 1908இல் ஜேர்மனிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு காளை. அதன் பெயரையே கோக்கசஸ் என்று வைத்திருந்தார்கள். 1925இல் அது ஜேர்மனியில் இறந்தது. அது இறந்து இரண்டே ஆண்டுகளில் அதன் மலையில் அதன் இனமே இல்லை. தன் ஊரை ஒரு கன்றின் வயதுக்கு மேல் பாராத ஒரு பிராணியின் இரத்தத்தில் மட்டும் அந்த மலையினம் மிஞ்சியது.

சங்கத்தின் பெரும்பணி ஒரு புத்தகம். வம்சாவளிப் பதிவேடு. ஒவ்வொரு காட்டெருதுக்கும் ஓர் இலக்கம், ஒரு பெயர், தாய் யார், தந்தை யார், எங்கே பிறந்தது, எங்கே போனது, எப்போது இறந்தது. குதிரைக்கும் வளர்ப்பு மாட்டுக்கும் இப்படிப் பதிவு இருந்தது. அழியும் நிலையில் இருந்த ஒரு காட்டுவிலங்குக்காக இவ்வாறு செய்தது இதுவே முதற்தடவை. 1932இல் முதல் தொகுதி அச்சானது. இதைப் பின்பற்றியே பிற்காலத்தில் பல அருகிய விலங்குகளுக்குப் பதிவேடுகள் வந்தன. எந்தக் காளையை எந்த நாட்டுக்கு அனுப்பினால் நெருங்கிய இரத்தம் கலக்காது என்பதை அந்த ஏட்டைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். பெயர்களிலும் ஒரு முறை உண்டு. போலந்தில் பிறக்கும் கன்றுகளின் பெயர் 'போ' என்று தொடங்கும். பிளெஸ் வழியில் வந்தவைக்கு 'பிள்'. பெயரைக் கேட்டால் ஊர் தெரியும்.

இதில் உறுத்துகிற பக்கமும் இருக்கிறது. 'தூய இரத்தம்' என்ற சொல் 1930களின் ஜேர்மனியில் எங்கே போய் நின்றது என்பது யாவரும் அறிந்ததே. காட்டெருதின் மேல் நாஜித் தலைவர்களுக்கு அளவுகடந்த காதல். கோரிங் யுத்தத்துக்கு முன்பே போலந்து அரசின் விருந்தாளியாகப் பியாவோவியெஜாவுக்கு வேட்டைக்கு வந்துபோனவர். 1941 யூனில் ஜேர்மன் படை அந்தக் காட்டைப் பிடித்தபோது அதைத் தன் வேட்டைக்காடாக்க நினைத்தார். காட்டெருதுகளுக்குக் காவல் போடப்பட்டது. காட்டுக்குள் இருந்த கிராமங்கள் அந்த யூலையிலும் ஓகஸ்டிலும் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். யூத ஆண்கள் காட்டோரம் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் கெட்டோக்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1929இலிருந்து வெளிநாட்டு வளாகங்களில் இருந்து ஒவ்வொன்றாக வாங்கிக் கொண்டுவந்து வேலிக்குள் வளர்த்த காட்டெருதுகள் 1939இல் 16 இருந்தன. அந்தச் சிறு மந்தை யுத்தத்தைக் கடந்து உயிர்வாழ்ந்தது. அதே காட்டின் யூதச் சமூகம் வாழவில்லை. விலங்குப் பாதுகாப்பைப் பற்றி எழுதும் எவரும் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே பக்கத்தில் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. விலங்கை நேசிப்பவன் மனிதனையும் நேசிப்பான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு இந்தக் காட்டில் ஆதாரம் கிடைக்காது.

எதிர்ச்சாட்சி ஒன்று வார்சோவில் கிடைக்கும். யான் ஜபின்ஸ்கி அந்த நகரின் மிருகக்காட்சிச்சாலை இயக்குநர். குண்டுவீச்சில் கூண்டுகள் சிதைந்தன. பேர்லின் மிருகக்காட்சிச்சாலையின் இயக்குநர் லுட்ஸ் ஹெக் வந்து நல்ல விலங்குகளை அள்ளிக்கொண்டு போனார். வெறுமையான கூண்டுகளிலும் தங்கள் வீட்டின் நிலவறையிலும் ஜபின்ஸ்கியும் மனைவி அந்தோனினாவும் கெட்டோவில் இருந்து தப்பிவந்த யூதர்களை ஒளித்துவைத்தார்கள். வந்துபோனவர்கள் சுமார் 300 பேர். யுத்தம் முடிந்தபின் காட்டெருதின் பதிவேட்டைப் பேர்லினிடமிருந்து பொறுப்பேற்று, யார் செத்தார் யார் இருக்கிறார் என்று மறுபடி எண்ணி 1947இல் வெளியிட்டவர் அதே ஜபின்ஸ்கி. மனிதர்களை மறைத்துவைத்தபோது அவர் எதையும் எழுதிவைக்கவில்லை, எழுதுவது ஆபத்து. விலங்குகளை ஒன்றுவிடாமல் எழுதினார். இரண்டும் காப்பாற்றும் வேலைதான்.

யுத்தத்துக்குப் பின் காட்டின் நடுவே போலந்து–சோவியத் எல்லை விழுந்தது. 1952இல் போலந்துப் பக்கத்தில் பொம்ருக், பொப்பாஸ் என்ற இரண்டு காளைகளை வேலியைத் திறந்து விட்டார்கள். முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு காட்டில் காட்டெருது. 1957இல் வேலிக்கு வெளியே முதற் கன்று பிறந்தது. மாரியில் வைக்கோல் போடுவது இன்றும் முற்றாக நிற்கவில்லை. சுதந்திரம் வந்தாலும் சாப்பாட்டுக்கு வந்துவிடுகின்றன என்று காட்டுக்காரர் பகிடியாகச் சொல்வது நியாயமே.

2003இல் காடுகளில் சுமார் 1,800. 2019இல் 6,200க்கு மேல். 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஆபத்தின் படிநிலையில் இதை ஒரு படி கீழே இறக்கியது. ஆனால் குறுகிய வாசலால் நுழைந்துவந்ததன் விலையும் உண்டு. பியாவோவியெஜா வழிக்கு மூதாதைகள் ஏழே. அந்த வழியின் இன்றைய காளைகள் எல்லாம் தந்தைவழியில் ஒரே ஒரு காளைக்குத்தான் போய்ச் சேரும். நோய் ஒன்று வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம். 1980களில் காளைகளின் குறியைத் தாக்கும் நோயொன்று தெரியவந்து இன்றுவரை தொல்லை தருகிறது. கோக்கசஸிலோ 1940இலிருந்து அமெரிக்கப் பைசன் கலந்த காட்டெருதுகளை விட்டார்கள். அவை மலையில் நன்றாகவே பெருகி வாழ்கின்றன. பதிவேட்டில் அவற்றுக்கு இடமில்லை, கலப்பு. ஏட்டைக் காப்பவர்களின் நியாயம் எனக்கு விளங்குகிறது. கலப்பு என்று ஒதுக்கப்பட்டதன் பக்கமும் எங்களுக்கு விளங்கவேண்டும், எங்கள் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு.

எல்லை மட்டும் அகலவில்லை. 1981இல் சோவியத் அரசு காட்டின் குறுக்கே வேலி போட்டு மந்தையை இரண்டாக்கியது. 1991 டிசெம்பர் 8இல் இதே காட்டின் பெலாரூஸ் பக்கம், விஸ்குலி என்ற வேட்டை மாளிகையில் மூன்று தலைவர்கள் கையெழுத்திட்டுச் சோவியத் ஒன்றியத்தையே முடித்துவைத்தார்கள். ஒன்றியம் போனது, வேலி நின்றது. அந்த ஆண்டுகளில்தான் மொஸ்கோ வழியாக வந்த எம்மவர்கள் பலர், இரவில், முகவர் காட்டிய திசையில், பெலாரூஸ், உக்ரெயின், போலந்துக் காடுகளை நடந்து கடந்தார்கள். எந்தக் காடு என்று அவர்களிற் பெரும்பாலானோருக்கு இன்றும் தெரியாது. 2021இல் ஈராக்கியரும் சிரியரும் ஆப்கானியரும் ஆபிரிக்கரும் அந்த எல்லையில் இரு படைகளுக்கு நடுவே தள்ளப்பட்டு, குளிரிலும் சதுப்பிலும் பலர் இறந்தார்கள். சிலருக்குப் பெயர்கூடத் தெரியாமல் கல்லறை வைத்தார்கள். 2022இல் போலந்து அங்கே 186 கிலோமீற்றர் நீளத்துக்கு ஐந்தரை மீற்றர் உயர உருக்குச் சுவரை எழுப்பியது. அது பழங்காட்டையும் ஊடறுத்துப் போகிறது. சிறு பிராணிகளுக்கென்று ஆங்காங்கே துவாரம் விட்டிருக்கிறார்கள்.

மேற்கு எல்லையில் சுவர் இல்லை. 2017 செப்ரெம்பரில் போலந்தில் தனியாகத் திரிந்துகொண்டிருந்த ஒரு காளை ஓடர் ஆற்றைக் கடந்து ஜேர்மனிக்குள் வந்தது. சுமார் 250 ஆண்டுகளுக்குப் பிறகு ஜேர்மன் மண்ணுக்குத் தானாக நடந்துவந்த முதற் காட்டெருது. லேபுஸ் என்ற சிற்றூரின் அருகே மேய்ந்துகொண்டு நின்றது. யாரையும் முட்டவில்லை. உள்ளூர் அதிகாரி அதை ஆபத்து என்று தீர்மானித்து உத்தரவிட, இரண்டு வேட்டைக்காரர் அன்றே சுட்டார்கள்.